வாசகர் கேள்விகள்: தலைவாரி விடும் காதல்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஜோடிகளின் படங்களில் ஒருத்தி தரையில் உட்கார்ந்திருக்க, காதலி சோபாவிலிருந்து தலை வாரிவிடுகிறாள். அரைநாள் ஆகுமாமே, அப்படி என்னதான் செய்கிறார்கள்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அதற்கு ‘வாஷ் டே’ (தலை அலசும் நாள்) என்றே பெயர். நெருக்கமாகச் சுருண்ட முடியில், மண்டையில் சுரக்கும் எண்ணெய்ப்பசை நுனிவரை இறங்குவதில்லை. வறண்ட முடியில் சீப்பைப் போட்டால் ஒடிந்து கையோடு வரும். அதனால் தலையை 4 முதல் 8 பகுதிகளாக வகிடெடுத்து கிளிப் போட்டுவிடுவார்கள். ஷாம்பு மண்டைக்கு மட்டும். பிறகு பகுதி பகுதியாகத் தண்ணீரும் தாராளமாகக் கண்டிஷனரும் விட்டு, விரலால் முடிச்சைத் தளர்த்தி, அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே ஏற வேண்டும். வேரில் தொடங்கினால் சிக்கெல்லாம் நுனியில் திரண்டு, கடைசியில் கத்தரிதான். வாரும் இடத்துக்குச் சற்று மேலே மறுகையால் முடியை இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு மண்டைக்குப் போகாது. காதல் இருக்கிறதா இல்லையா என்று அந்தப் பிடியிலேயே தெரிந்துவிடும்!

அலசியபின் க்ரீம் தடவி, பென்சில் பருமனில் இரண்டு புரியாக முறுக்குவார்கள். நன்றாகக் காய்ந்த பிறகே பிரிக்கலாம்; ஈரத்தில் பிரித்தால் சுருள் நிற்காது, பம்மென்று பரந்துவிடும். நெற்றியோரம் இறுக்கிப் பின்னுவது வழக்கமானால் அந்த வரிசை முடி திரும்ப முளைக்காமலே போகலாம். “வலிக்குதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பது வெறும் கொஞ்சல் இல்லை. இரவில் சாட்டின் தொப்பி. பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சும், முடியை உரசும்.

அம்மாவும் பாட்டியும் பின்னிவிட்ட தலை அது, கண்டவர் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். இந்த முடியைச் சாக்காக வைத்து வேலை மறுத்த ஊரும்கூட. அதைத் தடுக்கும் சட்டம் கலிஃபோர்னியாவில் வந்ததே 2019-ல்தான்.

கேள்வி: பெண்ணும் பெண்ணும் காதலிப்பதெல்லாம் இந்தக் காலத்து நாகரிகம்தானே?
- ஒரு வாசகர், கோவை

பதில்: இல்லை. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடையே அந்தக் காலத்திலேயே உண்டு. வீட்டுவேலை செய்து பிழைத்த ஆடி பிரவுன், 1859 முதல் 1868 வரை ஆசிரியை ரெபேக்கா பிரைமஸுக்கு உருகி உருகி எழுதிய கடிதங்கள் கனெக்டிகட் மாநிலத்தில் பத்திரமாக இருக்கின்றன. ரெபேக்காதான் அவற்றைக் காப்பாற்றி வைத்தவர். நியூயார்க்கில் மேபல் ஹாம்ப்டனும் லில்லியன் ஃபாஸ்டரும் 1932-ல் சந்தித்தார்கள். 1978-ல் லில்லியன் இறக்கும்வரை சேர்ந்தே குடித்தனம். அப்புறமும் மேபல் வீட்டுக்குள் முடங்கவில்லை, 1980-களில் அந்நகரத் தன்பாலீர்ப்பினரின் பெருமைப் பேரணியில் (பிரைடு) மேடையேறிப் பேசினார்.