நிற்க வேண்டிய இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘குடலில் கிருமி புகுந்ததும் வெள்ளணுக்கள் அங்கே விரைகின்றன’ என்று சென்ற கட்டுரையில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். உடம்பின் எதிர்ப்புச் செல்களில் பெரும்பங்கு குடலிலேயே இருப்பதாகப் படித்திருக்கிறேன். பிறகு வெளியிலிருந்து ஏன் வரவேண்டும்? ரத்தத்தில் மிதக்கும் செல்லுக்குக் கண்ணா இருக்கிறது, வழி தெரிய?

மணிமேகலை

அன்புள்ள மணிமேகலை,

‘விரைகின்றன’ என்று சோம்பலில் எழுதிவிட்டேன். ரத்தத்தில் இருக்கும் செல் எங்கும் விரைவதில்லை, ஓட்டம் இழுத்த இழுப்புக்குப் போகிறது. அதன் சாமர்த்தியம் எங்கே நிற்பது என்பதில்தான்.

சால்மொனெல்லா என்ற குடல் நோய்க் கிருமியை எடுத்துக்கொள்வோம். குடலின் உட்பரப்பு ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. அதற்குள் கிருமி நுழைந்ததும் அந்தச் செல்களும் அங்கே காவலிருக்கும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் கீமோகைன் என்னும் வேதிப்பொருள்களைக் கசியவிடுகின்றன. அருகிலுள்ள ரத்தக்குழாயின் உட்சுவர் பிசுபிசுப்பாகிறது. அவ்வழியே போகும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு அதில் ஒட்டியும் ஒட்டாமலும் உருள்கிறது. பிறகு தன் மேலுள்ள இன்டக்ரின் புரதத்தால் கெட்டியாகப் பிடித்து நின்று, சுவரின் இடுக்கில் உடம்பை நெளித்து வெளியேறுகிறது. அப்புறம் மோப்பம்தான்: கீமோகைன் எந்தப் பக்கம் அடர்த்தியோ அந்தப் பக்கம் ஊர்கிறது. எல்லாம் சில மணி நேரத்துக்குள்.

இந்தப் பிடிமானம் எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் அரிய பிறவிக் குறை காட்டுகிறது. சில குழந்தைகளுக்கு இன்டக்ரினின் ஒரு பகுதி இல்லாமல் போகிறது. ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் ஏராளம். ஆனால் புண்ணில் சீழே கட்டாது. படை இருக்கிறது, இறங்கத் தெரியவில்லை.

குடலிலேயே இத்தனை செல்கள் இருக்க, ஏன் வெளியிலிருந்து வரவேண்டும் என்கிறீர்கள். ஆரோக்கியமான குடல் திசுவில் நியூட்ரோஃபில்கள் சொற்பம். டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களின் சிக்கல் வேறு. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அடையாளத்தை மட்டும் அறியும். புதிதாக வந்த ஒரு கிருமியின் குறிப்பிட்ட ஒரு துணுக்கை அறியக்கூடியவை உடம்பு முழுக்கத் தேடினாலும் மிகச் சில. அவை கிருமி இருக்கும் மூலையில் தற்செயலாக இருக்கும் என்று நம்ப முடியுமா? அதனால் கிருமியின் துணுக்குகளைச் சுமந்துகொண்டு டென்ட்ரிடிக் செல்கள் என்னும் தூதுவர்கள் குடலை விட்டுக் கிளம்பி, குடலைத் தாங்கும் சவ்விலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போகின்றன. அங்கே சுற்றிவரும் டி செல்களில் பொருத்தமானது சிக்கும், சிக்கியது பெருகும். இதற்குச் சில நாள் ஆகும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். குடலிலிருந்து வந்த டென்ட்ரிடிக் செல் ‘எதிரி இவன்’ என்று காட்டுவதோடு ‘திரும்பிப் போகவேண்டிய இடம் இது’ என்றும் சொல்லி அனுப்புகிறது. எப்படி? வைட்டமின் ஏ-யை ரெட்டினோயிக் அமிலமாக மாற்றி ஊட்டுகிறது. அதை வாங்கிக்கொண்ட டி செல்லின் மேல் ஆல்ஃபா4பீட்டா7 என்ற இன்டக்ரின் முளைக்கிறது. அது பற்றிக்கொள்ளும் மேட்காம்-1 என்ற புரதம் பெரும்பாலும் குடலின் ரத்தக்குழாய்களில் இருக்கிறது. உடம்பெல்லாம் சுற்றினாலும் அந்தச் செல் இறங்குவது குடலில். வைட்டமின் ஏ இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் குடலில் டி செல்கள் குறைந்திருந்ததை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐஜிஏ எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்களும் பெரும்பாலும் இப்படியே குடலுக்குத் திரும்புகின்றன. நாள்தோறும் சில கிராம் ஐஜிஏ குடலுக்குள் கொட்டப்படுகிறது. கிருமியை உள்ளே விடாமல் பிடித்து வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு.

இந்த விலாசத்தை மறைக்கும் மருந்தும் உண்டு. வெடோலிசுமாப் அந்த இன்டக்ரினை அடைத்துவிடும். குடலைத் தன் படையே தாக்கும் கிரோன் நோய்க்கு 2014 முதல் தருகிறார்கள். ஆரோக்கியமான சிலருக்கு இதைச் செலுத்தி, ஊசிவழி ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் வாய்வழி காலரா தடுப்பு மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசிக்கு உடம்பு வழக்கம்போலப் பதில் சொன்னது. வாய்வழி மருந்துக்குக் கிடைத்த பதில் மட்டும் குறைந்துபோயிற்று.

அன்புடன்.