பிரெக்சிட்டுக்கு ஓட்டுப் போட்டவர்கள் பிறகு உண்மையிலேயே வருத்தப்பட்டார்களா?

கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். "2016-ல் டிவியில் தப்புப் பண்ணிவிட்டோம் என்று சொன்னவர்கள் எல்லாம் நடிப்பா, இல்லை விஷயம் தெரியாமலே போட்டுவிட்டார்களா?" காலேஜில் அரசியல் படிக்கிற பிள்ளை, செமினாருக்குக் குறிப்பு எடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் வேறு யாரும் நன்றாக எழுதுவார்கள். நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. அந்த ஓட்டைப் போட்டவர்களில் நானும் ஒருவன். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விட்டு வெளியேறுவதா என்ற அந்த வாக்கெடுப்பில் வெளியேறு என்றுதான் போட்டேன். வீட்டுக்காரியைத் தவிர இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பாளையங்கோட்டைக்காரனுக்கு அந்த நாட்டில் ஏது ஓட்டு என்பீர்கள். இங்கே சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் பிரிட்டிஷ் குடிமக்களோடு, அங்கே குடியிருக்கும் அயர்லாந்துக்காரர்களும் காமன்வெல்த் நாட்டவர்களும் 18 வயது முடிந்திருந்தால் ஓட்டுப் போடலாம். இந்தியா காமன்வெல்த்தில் இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டும் சமையல்காரர் விசாவும் வைத்திருந்த எனக்கு அப்படித்தான் ஓட்டு வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் தவணையில் போன் வாங்குவது சுலபம் என்று கூட வேலை பார்த்தவர் சொன்னதால் 2014-லேயே பதிந்து வைத்திருந்தேன்.

அதே அடுப்படியில் என் பக்கத்தில் நின்ற போலந்து அக்காவுக்கு ஓட்டு இல்லை. போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது 2004-ல். மறுவருடமே வந்தவர் அவர். 11 வருடம் வரி கட்டியிருக்கிறார். மகள் அங்கேயே பிறந்து அங்கேயே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஐரோப்பிய நாட்டவர்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர்களைத் தவிர மற்றவர்களை அந்த வாக்கெடுப்பில் சேர்க்கவில்லை. யாருடைய குடியிருப்பு ஆடப்போகிறதோ அவரைக் கேட்காமல், 2013-ல் வந்திறங்கிய என்னைக் கேட்டார்கள். இந்த விதியை நான் போடவில்லை என்பது எனக்கும் தெரியும்.

ஊர் ஸ்லவ். ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கம். தோசை, இட்லி போடுகிற தென்னிந்திய ஹோட்டல். அந்த அக்கா காய் நறுக்குவது, பாத்திரம், ஸ்டோர் எல்லாம் பார்ப்பார். நான் போன முதல் குளிரில், ஊரில் வாங்கிய ஸ்வெட்டரோடு பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்துவிட்டு, தன் புருஷனின் பழைய கோட்டை மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். துவைத்து, அறுந்த பித்தானைத் தைத்து, பேப்பர் பையில் மடித்து. திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் சாப்பாட்டுக்கு நான் சொதி வைப்பேன். தேங்காய்ப்பாலில் வைக்கிற நம்ம ஊர் மறுவீட்டுச் சொதிதான். முருங்கைக்காய் கிடைக்காத வாரம் பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கோடு முடித்துவிடுவேன். இஞ்சித் துவையல் தொட்டுக்கொண்டு அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவார். போகும்போது மகளுக்கு ஒரு டப்பாவில் எடுத்துப் போவார்.

அப்புறம் ஏன் அப்படிப் போட்டேன்? எங்க அக்கா மகனுக்காக. கேட்டரிங் படித்துவிட்டு இங்கே மாதம் 7,000 ரூபாய்க்கு ஒரு லாட்ஜ் கிச்சனில் நின்றான். அக்கா வாரம் தவறாமல் போன் போடுவாள். "எய்யா தம்பி, ஒன் மருமவனயும் எப்படியாவது அங்கன இழுத்துக்கிடு, இங்கன கெடந்து என்ன செய்யப் போறான்?" நானும் முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன். அப்போது இந்தியாவிலிருந்து சமையல்காரர் எடுக்க வேண்டுமென்றால் வருடத்துக்கு 29,570 பவுண்டு சம்பளம் காட்ட வேண்டும், கடையில் பார்சல் வியாபாரம் இருக்கக் கூடாது. பார்சல் இல்லாமல் எந்த ஹோட்டல் அங்கே ஓடும்? அந்த நேரம் பார்த்து வெளியேறும் தரப்பார் கறி உணவகங்களைக் காப்போம் என்று தனியாகவே ஒரு பிரச்சாரம் நடத்தினார்கள். ஐரோப்பியர் வருவது குறைந்தால் காமன்வெல்த் ஆட்களுக்கு வழி திறக்கும் என்று பேச்சு. எங்கள் ஹோட்டலில் முதலாளி முதல் தோசை மாஸ்டர் வரை அதை நம்பினோம். படிக்காத ஆட்கள் ஏமாந்தார்கள் என்று கமெண்டில் எழுதாதீர்கள். எங்களுக்கு ஆடிட்டர் வேலை பார்த்தவரும் அதையேதான் சொன்னார்.

ஓட்டு நாள் வியாழக்கிழமை. லண்டன் பக்கம் முழுக்க இடியும் மழையும், பல இடத்தில் ரோட்டில் வெள்ளம். காலையில் அந்த அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "உனக்கு ஓட்டு இருக்கு இல்லையா? எனக்காகப் போடுவியா?" எங்களுக்குள் உடைந்த ஆங்கிலம்தான். சரி என்று தலையாட்டினேன்.

மத்தியானம் போனேன். ஒரு சர்ச் ஹால். நம்ம ஊர் மாதிரி வாசலில் கட்சிக்காரர்கள் இல்லை, விரலில் மை இல்லை, அடையாள அட்டையும் கேட்கவில்லை. பேரைச் சொன்னதும் சீட்டைக் கொடுத்தார்கள். மறைப்புக்குள் நூலில் கட்டிய ஒரு பென்சில். இரண்டு கட்டம், ஒன்றில் பெருக்கல் குறி போட வேண்டும். மேலே இருந்தது "உறுப்பினராகத் தொடர்வது", கீழே இருந்தது "வெளியேறுவது". பென்சிலை மேல் கட்டத்தில் வைத்துவிட்டு எடுத்தேன். மருமகன் முகம்தான் வந்தது. கீழே போட்டேன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

மறுநாள் விடியும்போதே முடிவு தெரிந்துவிட்டது. வெளியேறுபவர்களுக்கு 51.9 சதவீதம், இருப்பவர்களுக்கு 48.1. எங்கள் ஸ்லவ்வில் 54.3 சதவீதம் பேர் வெளியேறு என்று போட்டிருந்தார்கள். காலையிலேயே பிரதமர் டேவிட் கேமரன் வீட்டு வாசலில் நின்று பதவி விலகுவதாகச் சொன்னார். பத்து மணிக்கு அந்த அக்கா வந்தார். கண் வீங்கியிருந்தது. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "நீயாவது போட்டியே, நன்றி" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சாம்பார் தாளிக்க வேண்டியிருந்தது, திரும்பிக்கொண்டேன். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். வருத்தம் எனக்கு அந்த நிமிஷமே வந்தது. விஷயம் தெரியாமல் போட்டதால் வந்த வருத்தம் இல்லை. தெரிந்தே போட்டேன்.

மற்றவர்கள் கதையையும் கேட்டீர்கள், சொல்கிறேன். வாரம் 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம், அதை அரசு மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று ஒரு சிவப்பு பஸ்ஸில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். அந்தத் தொகையே சரியில்லை என்று அப்போதே சொன்னார்கள். முடிவு வந்த அன்று காலை டிவியில், அந்தப் பணத்துக்குத் தன்னால் உத்தரவாதம் தர முடியாது, அப்படிச் சொன்னது தவறு என்று நைஜல் ஃபராஜே பேசினார். அவரும் வெளியேறும் தரப்புத் தலைவர்தான், ஆனால் அந்த பஸ் குழுவில் இல்லை, வேறு பிரச்சாரம் நடத்தியவர். ஆனாலும் பஸ்ஸை நம்பிப் போட்டவர்களுக்கு அது செருப்படிதான். டிவியில் வருந்தினவர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. அவர்களை நடிப்பு என்று சொல்ல மாட்டேன். இன்னொரு வாக்கெடுப்பு வேண்டும் என்ற இணைய மனுவில் 41 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அந்த மனுவைத் தொடங்கியது வெளியேறும் தரப்பு ஆள்தான், தன் பக்கம் தோற்றுவிடும் என்று பயந்து மே மாதமே போட்டு வைத்தது. அரசு அதை ஏற்கவில்லை.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. வருந்தாதவர்கள்தான் அப்போது அதிகம். என் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா வெளியேறு என்று போட்டவர், ஒரு நாளும் அதற்கு வருந்தியதில்லை. எனக்கு ராத்திரி வயிற்றுவலி வந்தபோது தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் விடியும்வரை உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். வெளியேறு என்றவர்கள் எல்லாம் இனவெறியர் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிறகு வருடங்கள் போகப் போகத்தான் கருத்துக்கணிப்புகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அது தவறான முடிவு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதில் மனசு மாறியவர்களும் உண்டு, 2016-ல் ஓட்டு வயது வராமல் பின்னால் வளர்ந்து வந்த பிள்ளைகளும் உண்டு.

ஆனால் முடிவு வந்த அந்த வாரம் நடந்தது நடந்ததுதான். ஹன்டிங்டனில் போலந்துக்காரர்களைப் பூச்சி புழு என்று திட்டி அட்டை போட்டார்கள். ஹாமர்ஸ்மித்தில் போலந்துக்காரர்களின் பண்பாட்டு மையச் சுவரில் கிறுக்கினார்கள். அக்கம்பக்கத்து ஆங்கிலேயர்கள் அங்கே பூங்கொத்து கொண்டுபோய் வைத்ததும் உண்மை. அந்த ஜூலையில் இனம், மதம் சார்ந்த குற்றங்கள் முந்தின ஜூலையைவிட 41 சதவீதம் கூடின. அந்த அக்காவின் மகளிடம் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் "எப்போ பெட்டி கட்டப் போறே" என்று கேட்டிருக்கிறான். அவர் அதை என்னிடம்தான் வந்து சொன்னார்.

பணத்திலும் அடி. வாக்கெடுப்புக்கு முன்னால் ஒரு பவுண்டு 100 ரூபாயை ஒட்டி நின்றது. அந்த அக்டோபரில் 82 பக்கம் வந்துவிட்டது. நான் அப்போது இங்கே வீடு கட்டிக்கொண்டிருந்தேன். 1,000 பவுண்டு அனுப்பினால் 18,000 ரூபாய் குறைகிறது. அதற்காக நான் யாரையும் குறை சொல்ல முடியாது, நான் போட்ட ஓட்டு. ஆனால் வீடு கட்டித் தந்த கான்ட்ராக்டரை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பேரைச் சொல்ல மாட்டேன். ஆற்று மணல் என்று பில் எழுதி எம்-சாண்டைக் கலந்தார். மொட்டைமாடிக்குத் தட்டோடு பதிக்கக் காசு வாங்கிக்கொண்டு வெறும் சிமெண்ட் பூச்சோடு விட்டார். கேட்டால், "நீங்க ஃபாரின்ல இருக்கீய, ஒங்களுக்கு இங்கத்த விலை என்ன தெரியும் அண்ணாச்சி?" என்கிறார். 2023 டிசம்பர் 17, 18-ல் கொட்டிய மழையில் வண்ணார்பேட்டையும் ஜங்ஷனும் தாமிரபரணி வெள்ளத்தில் கிடந்தபோது, மேட்டில் இருக்கிற என் வீட்டுக்குள் கூரை வழியாகத் தண்ணீர் வந்தது. அம்மா கட்டிலுக்கு மேலே தார்ப்பாய் கட்டிப் படுக்கவைத்தேன். குளிரில் நின்று சம்பாதித்த காசு. வெளிநாட்டில் இருந்து வீடு கட்டுகிறவர்கள் இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, கம்பி கட்டும்போதும் கான்கிரீட் போடும்போதும் சொந்த ஆள் ஒருத்தரை நிற்க வையுங்கள்.

மருமகன் கடைசிவரை அங்கே வரவில்லை. பிரிட்டன் வெளியேறியதே 2020 ஜனவரி 31-ல்தான். புது விசா முறை 2021-ல் வந்தது. அதில் சமையல்காரர்களுக்குக் கொஞ்சம் வழி கிடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. நம்ம ஊர் நர்சுகள், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரர்கள் நிறையவே போனார்கள். அவர்களுக்கு நல்லது நடந்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அவன் 2017-லேயே தோஹா போய்விட்டான், இப்போது அங்கே குடும்பத்தோடு இருக்கிறான். 2024 ஏப்ரலில் இங்கிலாந்து விசாவுக்குச் சம்பள வரம்பை 38,700 பவுண்டாக ஏற்றிய செய்தியை அவன்தான் எனக்கு அனுப்பினான்.

வித்தியாசம் 12 லட்சத்துக்கும் மேலே, உன் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிட்டது என்று என் வீட்டுக்காரி கேட்டாள். நீங்களும் கேட்பீர்கள். கணக்கு சரிதான். அந்த அக்கா என்னிடம் 12 லட்சம் ஓட்டுக் கேட்கவில்லை.

அவர் 2018-ல் குடும்பத்தோடு போலந்துக்கே திரும்பிவிட்டார். மகளுக்கு அந்த மொழியில் எழுத வராது, அங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு கீழே சேர்த்தார்கள் என்று எழுதியிருந்தார். அம்மாவுக்கு முடியாமல் போனதால் நான் மறுவருடம் ஊருக்கு வந்துவிட்டேன். முருகன்குறிச்சிப் பக்கம் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். கோட் பீரோவில் இருக்கிறது. இந்த ஊர் வெயிலுக்கு அதை என்ன செய்வது?

கிறிஸ்துமஸ் சமயம் அவரிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வரும். போன தடவை ஒரு படம் வந்தது. பாத்திரம் நிறைய சொதி, கொஞ்சம் திரிந்திருந்தது. முதல் பாலை எப்போது ஊற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார். எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று அரைமணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள், கொதிக்க விடாதீர்கள், எலுமிச்சை கடைசியில் என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.