ஆடும் நண்டும்

அன்புள்ள அக்கா,

நான் தொண்டிக்காரன். பத்து வருடமாக டெக்சாஸில் இருக்கிறேன். நாங்கள் போகிற சபையில் எல்லாரும் தங்கமானவர்கள். மனைவிக்குப் பிரசவமானபோது எதிர்வீட்டுப் பெரியவர் பத்து நாள் சூப் கொண்டுவந்து கொடுத்தார். அவர் காரில் டிரம்ப் தொப்பி கிடக்கிறது. 2016இல் இங்குள்ள எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் (பைபிளையும் மனமாற்றத்தையும் அழுத்திச் சொல்கிற புராட்டஸ்டன்ட்கள்) ஐந்தில் நான்கு பேர் டிரம்புக்குத்தான் ஓட்டுப் போட்டார்களாம். இயேசுவின் மலைப்பிரசங்கத்தைப் படிக்கிறவர்கள் எப்படி இந்தப் பக்கம் போகிறார்கள்? அறியாமையா? நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் ஒருநாளும் இப்படி இருக்க மாட்டார்கள். சபையை மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று பெரியப்பாவின் நினைவுப் பூசைக்காக ஊருக்குப் போயிருந்தேன். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிற கத்தோலிக்க மீனவர் ஊர். அதனால்தான் உடனே எழுதுகிறேன். இல்லாவிட்டால் அமெரிக்கத் தேர்தலைப் பற்றி எனக்கு என்ன வந்தது?

நீங்கள் ஒரு சொல்லை விழுங்கிவிட்டீர்கள். அந்த ஐந்தில் நான்கு பேர் வெள்ளையின எவாஞ்சலிக்கல்கள். அதே பைபிளை வாசித்து அதே பாட்டைப் பாடுகிற கறுப்பினக் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் டிரம்புக்கு எதிரான ஜனநாயகக் கட்சிக்குத்தான் போடுகிறார்கள். அப்படியானால் காரணத்தை மலைப்பிரசங்கத்தில் தேடி என்ன பயன்? கருக்கலைப்பு என்பார்கள். அந்தக் கவலையைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1971இல் அங்குள்ள பெரிய எவாஞ்சலிக்கல் சபை அமைப்பான தெற்கு பாப்டிஸ்ட் மாநாடே தாயின் உடல்நலம், வல்லுறவு போன்ற காரணங்களுக்காகக் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. 1980இல் அதே மாநாடு நேர் எதிராகப் பேசியது. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த பாப்டிஸ்ட், அப்போதைய அதிபர் கார்ட்டரை விட்டுவிட்டு, டிரம்பின் குடியரசுக் கட்சியில் நின்ற, விவாகரத்தான சினிமா நடிகர் ரீகனுக்குப் பலர் போனதும் அந்த வருடம்தான். ஒன்பது வருடத்தில் வேதமா மாறிப்போனது?

இஸ்ரேல், வரி, துப்பாக்கி எல்லாம் இருக்கட்டும். பெரியப்பாவுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகக் கூடாது. ஊர்க் கட்டுப்பாடு. மீறினால் தெண்டம். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஓர் இளவட்டம் சனிக்கிழமை சாயங்காலம் நண்டு வலை விட்டுவிட்டு, ஞாயிறு விடிகாலையில் போய் எடுத்துவந்துவிட்டான். பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலிலேயே பஞ்சாயத்து. "வலை விட்டது நேத்துத்தானே? இன்னைக்குச் சும்மா எடுத்தேன். எடுக்காம விட்டா நண்டு செத்துப்போகும்ல" என்றான் அவன். பங்குச்சாமிக்கு இரக்கம். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசு கேட்டதை எடுத்துச் சொன்னார். பெரியப்பா முன்னால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், காதில் பாதி பீடி.

"சாமி, அது ஆடு. இது நண்டு."

ஊரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தெண்டத்தை வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். நண்டையும் ஏலம் விட்டுக் கோயில் கணக்கில் சேர்த்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரியப்பா பூசைக்குள் நுழைந்து நான் பார்த்ததே இல்லை. பிரசங்கம் முடியும்வரை பூவரச மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருப்பார். உங்கள் ஊரிலும் சபைப் பக்கமே போகாமல் தன்னை எவாஞ்சலிக்கல் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ஏராளம். வெளியே நிற்கிறவருக்குத்தான் வேலியைப் பற்றிக் கவலை அதிகம்.

அந்தக் காலத்தில் விசைப்படகுகள் பெருகி அவருடைய வலையை இரண்டு தடவை அறுத்துப் போட்டிருந்தன. 1983இல் இலங்கையில் போர் தொடங்கியதற்கு அப்புறம் கடலில் எந்தப் பக்கம் துப்பாக்கி வரும் என்று தெரியாது. அவர் அப்பா காலத்தில் வலை காயப்போட்ட கச்சத்தீவு 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போயிற்று. இறாலுக்கு விலை வைக்கிறவன் வேறு எங்கோ இருந்தான். மகன்கள் இரண்டு பேரும் கடலுக்கு வர மாட்டோம் என்றார்கள். மனிதர் கையில் மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதையும் ஒரு சின்னப் பையன், அதுவும் நண்டுக்காக, பிடுங்கப் பார்த்தான்.

சரி, இப்போது டெக்சாஸ். அரசுப் பள்ளிகளில் அதிகாரபூர்வ ஜெபம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1962இல் சொன்னது. நிறவேற்றுமை பார்த்த கிறிஸ்தவக் கல்விநிலையங்களின் வரிவிலக்கில் அரசு 1970களில் கைவைத்தது. இரண்டிலும் நான் அரசின் பக்கம்தான். அந்தப் பையனின் பக்கமும்தான். ஆனால் "எங்கள் வீட்டை எங்களிடமிருந்து எடுக்கிறார்கள்" என்று ஒருவர் மனதில் விழுந்துவிட்டால், காப்பாற்றித் தருகிறேன் என்கிறவன் எத்தனை கல்யாணம் செய்தவன் என்று பார்ப்பாரா?

நம் ஓரியூர் ஞாபகம் வருகிறது. போர்த்துக்கீசியப் பாதிரியார் அருளானந்தர் பேச்சைக் கேட்டு மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார். அவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய் அழுதாள். 1693 பிப்ரவரியில் ஓரியூரில் அருளானந்தரின் தலை விழுந்தது. அவர் இரத்தத்தால் சிவந்தது என்று நம்பி எடுத்துவரும் செம்மண்ணுக்காக நானும் போயிருக்கிறேன், புனிதரை வணங்கியிருக்கிறேன். இருந்தாலும் மூட்டை முடிச்சோடு வாசலில் நின்ற அந்தப் பெண்ணையும் நினைக்காமல் திரும்பியதில்லை.

இனி உங்களைத் திட்ட வேண்டும். "நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் ஒருநாளும்" என்று எழுத எப்படிக் கை வந்தது? தொண்டியில்தானே பிறந்தீர்கள்? கல்லறைத் தோட்டத்தில் யார் எந்த மூலை என்று சாதி பார்த்த ஊர்கள் நம்மிடம் இல்லையா? மகள் வேறு சாதியில், அதுவும் கிறிஸ்தவப் பையனைத்தான், கட்டிக்கொண்டதற்காகத் திருவிழா வரியை வாங்க மறுத்த கமிட்டியை நானே பார்த்திருக்கிறேன். அவர்களெல்லாம் மலைப்பிரசங்கம் கேட்காதவர்களா? நம் ஆட்கள் இங்கே சிறுபான்மை. அதனால் ஓட்டு வேறு பக்கம் விழுகிறது, அவ்வளவுதான். நாளைக்குப் பெரும்பான்மையாக ஆக்கிப் பாருங்கள், பெரியப்பாக்கள் மரத்தடியிலிருந்து எழுந்து வருவார்கள்.

அறியாமையா என்று வேறு கேட்கிறீர்கள். பத்து நாள் அவர் சூப்பைக் குடித்துவிட்டு, அவர் கையை விட்டு என்ன போயிற்று என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? நானும் பெரியப்பாவிடம் கேட்டதில்லை. சென்னைக்குப் படிக்க வந்து நாலு புத்தகம் வாசித்துவிட்டு அவரைப் பிற்போக்கு என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "சரிம்மா" என்றார். பஸ்ஸுக்குக் காசு இருக்கா என்று கேட்டார்.

சபையை மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மனைவியிடம் கேளுங்கள். சூப் வந்தது அவருக்குத்தானே.

அன்புடன்,
அக்கா