பகல் நீள்கிறது, விடியல் ஏன் பிந்துகிறது?

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். வயது 66. காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்குக் கிளம்புவது வழக்கம். டிசம்பர் 21-தான் ஆண்டிலேயே குறுகிய பகல், அதற்குப் பிறகு பகல் நீளும் என்று படித்திருக்கிறேன். ஆனால் பொங்கல் கழிந்தும் ஆறு மணிக்கு வெளியே இருட்டுத்தான். நாள்காட்டியிலும் சூரிய உதயம் தள்ளிக்கொண்டே போகிறது. அச்சுப்பிழையா? எப்போது சரியாகும்?

பதில்: அச்சுப்பிழை இல்லை. நீங்கள் படித்ததும் சரி, கண்ணால் காண்பதும் சரி. பகல் எவ்வளவு நீளம் என்பது ஒரு கணக்கு. அந்தப் பகல் கடிகாரத்தில் எங்கே உட்காருகிறது என்பது வேறொரு கணக்கு. சென்னையில் இரண்டாவது கணக்குக்குத்தான் பலம் அதிகம்.

டிசம்பர் 21 அன்று சென்னையில் சூரியன் சுமார் 6.26-க்கு உதித்து, மாலை 5.47-க்கு மறைகிறது. பகல் 11 மணி 21 நிமிடம். பத்து நாள் கழித்து, டிசம்பர் 31 அன்று, பகல் ஒரு நிமிடம்கூட முழுசாகக் கூடியிருக்காது. ஆனால் உதயம் 6.31-க்குப் போய்விடும், அஸ்தமனம் 5.53-ஐ நெருங்கிவிடும். பகலை ஒரு கழி என்று வைத்துக்கொள்ளுங்கள். கழி மயிரிழை அளவுக்குத்தான் வளர்ந்தது. ஆனால் மொத்தக் கழியையும் யாரோ ஐந்து நிமிடம் பின்னால் இழுத்து வைத்துவிட்டார்கள். அதனால் இரு முனையும் பின்னால் போயின.

இழுத்தது யார்? நம் கடிகாரம் ஒரு நாள் என்றால் 24 மணி நேரம் என்று ஓடுகிறது. சூரியன் ஓர் உச்சியிலிருந்து மறுநாள் உச்சிக்கு வர, டிசம்பர் கடைசியில் 24 மணி நேரத்துக்கு மேல் ஏறக்குறைய 30 நொடி ஆகிறது. இதற்குக் காரணம் இரண்டு. முக்கியமானது பூமியின் அச்சுச் சாய்வு. மற்றப் பெரும்பாலான மாதங்களில் விண்மீன்களுக்கிடையே சூரியனின் நகர்வில் ஒரு பங்கு வடக்கு தெற்காகப் போய்விடும். டிசம்பர் கடைசியில் அது முழுக்கக் கிழக்கு நோக்கியே இருக்கும். அதைப் பிடிக்கப் பூமி சற்றுக் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. இன்னொன்று, ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது; அப்போது சுற்றுப்பாதையில் அதன் வேகம் அதிகம். அதுவும் இதே திசையில் கொஞ்சம் சேர்க்கிறது. நாளுக்கு அரை நிமிடம் என்றாலும், சேரச் சேரப் பெரிதாகிவிடும்.

இதை மாடியிலேயே சரிபார்க்கலாம். ஒரு மீட்டர் குச்சியை நேர்க்குத்தாக நிறுத்தி, நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று பாருங்கள்; அதுதான் உச்சிவேளை. டிசம்பர் 21-இல் சுமார் 12.07-க்கு நிழல் 74 சென்டிமீட்டராகக் குறுகும். நவம்பர் தொடக்கத்தில் இதே உச்சிவேளை 11.52-க்கே வந்துவிடும், பிப்ரவரி 11 வாக்கில் 12.23 ஆகிவிடும். ஒரே ஊர், ஒரே கடிகாரம், அரை மணி நேர வித்தியாசம்! பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல வானியல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஊர் எவ்வளவு வடக்கே இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகப் பகலின் நீளம் மாறும். அது உச்சிவேளையின் தாமதத்தைச் சீக்கிரம் முந்திவிடும். லண்டனில் புத்தாண்டை ஒட்டியே உதயம் முன்னுக்கு வரத் தொடங்கிவிடுகிறது. டெல்லியில் ஜனவரி இரண்டாம் வாரம். சென்னையிலோ ஜனவரி 24 வாக்கில்தான் ஆண்டின் மிகத் தாமதமான உதயம்: சுமார் 6.36. மாலைப் பக்கம் கதை தலைகீழ். மிகச் சீக்கிரமான அஸ்தமனம் நவம்பர் 20-ஐ ஒட்டி, 5.39-க்கே முடிந்துவிடுகிறது. ‘டிசம்பர் 21-தான் மிகத் தாமதமான விடியல்’ என்று பலர் எழுதுவது நம் ஊருக்குப் பொருந்தவே பொருந்தாது.

டிசம்பர் 21 அல்லது 22-இல் உண்மையில் திரும்புவது, சூரியன் உதிக்கும் இடம். அன்று சென்னையில் அது நேர்கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. மறுநாளிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. பஞ்சாங்கம் தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கமாகக் கொள்வது, இந்தத் திருப்பமும் தை முதல் நாளும் ஒன்றாக இருந்த சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முந்தைய நிலையை ஒட்டியது. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி விழுந்திருக்கிறது.

இனி உங்கள் நடைக்கு வருவோம். உதயத்துக்கு 23 நிமிடம் முன்பே, வானம் தெளிவாக இருந்தால், தரையில் மேடுபள்ளம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். டிசம்பர் கடைசியில் அது 6.03 முதல் 6.08 வரை, ஜனவரி பின்பாதியில் 6.13. ஆகவே கிறிஸ்துமஸ் முதல் பிப்ரவரி நடுவரை 6.15-க்குக் கிளம்புங்கள். பனிமூட்டமான நாளில் இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள். உதயம் மறுபடி 6.26-க்குத் திரும்ப பிப்ரவரி கடைசி வாரம் ஆகும். இந்த நேரமெல்லாம் சென்னைக்குத்தான். கோவையில் ஜனவரி பின்பாதியில் உதயமே 6.46, அங்கே 6.25-க்கு முன் கிளம்ப வேண்டாம். காலை இருட்டில் தடுமாற மனமில்லை என்றால் மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஜனவரி 24-இல் சென்னையில் 6.05 வரை வெயில் இருக்கிறது.