டெக்சாஸ் நிலம்: எண்ணெய் உரிமையை விற்பதா, குத்தகைக்கு விடுவதா?

டெக்சாஸில் உள்ள உங்கள் 30 ஏக்கரின் எண்ணெய் உரிமையை விற்கச் சொல்லி ஒரு கடிதமும், குத்தகைக்குக் கேட்டு இன்னொரு கடிதமும் வந்திருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 30 ஏக்கர் உங்கள் பெயரில் இருப்பதாலேயே அடியில் உள்ள எண்ணெயும் உங்களுடையதாகிவிடாது. டெக்சாஸில் மேல்நிலம் வேறு, கனிமம் வேறு, முன்பு விற்றவர்களில் யாராவது கனிமத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கலாம், அங்கே அது சகஜம்.

விற்கச் சொல்லியும் குத்தகை கேட்டும் அடுத்தடுத்துக் கடிதம் வருகிறதென்றால், அநேகமாகப் பக்கத்தில் கிணறு தோண்டப் போகிறார்கள். டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷனின் இணைய வரைபடத்தில் அனுமதிகளைப் பாருங்கள் (பெயர்தான் ரயில், பார்ப்பது எண்ணெய்க் கிணறு).

அப்புறம் நிலப் பத்திரங்கள் பதிவாகியிருக்கும் கவுன்ட்டி (மாவட்டம் போன்றது) கிளார்க் அலுவலகத்தில் பழைய பத்திரங்களைப் பின்னோக்கிப் புரட்டி, கனிமத்தை விற்றவர் தனக்கே ஒதுக்கிவைத்த வாசகம் எதிலாவது இருக்கிறதா என்று தேடுங்கள். டைட்டில் இன்சூரன்ஸை (நில உரிமைக்கான காப்பீடு) நம்ப வேண்டாம், கனிமத்தைப் பெரும்பாலும் அது சேர்ப்பதில்லை.

உங்களுடையதுதான் என்றால், என் கருத்தில் குத்தகையே மேல். விற்றால் போனது போனதுதான். குத்தகையில் பழைய 1/8 ராயல்டிக்கு (எடுக்கும் எண்ணெயில் உங்களுக்கு வரும் பங்கு) தலையாட்டாமல் 1/5, முடிந்தால் 1/4 கேளுங்கள். குழாய், சுத்திகரிப்புச் செலவை உங்கள் பங்கில் கழிக்கக் கூடாது என்றும் எழுதி வாங்குங்கள். 3 வருடக் குத்தகை என்பார்கள், ஆனால் எண்ணெய் வந்துவிட்டால் உற்பத்தி நிற்கும்வரை அது நீளும்.

இன்னொன்று, கனிமம் வேறொருவருடையது என்றால், தோண்டத் தேவையான அளவுக்கு உங்கள் மேல்நிலத்தை அவர்கள் பயன்படுத்தலாம். அப்போது பாதை, வேலி, நஷ்டஈடு பற்றித் தனி ஒப்பந்தம் கேளுங்கள், அந்த ஊர் எண்ணெய்-எரிவாயு வக்கீல் ஒருவரை வைத்து.