கேட்காத காதுகளுக்கு ஒரு நாடகம்

வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகள் மீதான பாலியல் துன்புறுத்தலைப் பற்றி ஊரில் நாடகம் போட முயல்கிறவர்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர்ப் பெயர் மட்டும்.

நாங்கள் சுய உதவிக் குழுவில் பத்துப் பெண்கள். எல்லாரும் பீடி சுற்றுகிறவர்கள். ஜனவரி 26 கிராம சபையில் இதைப் பற்றி நாடகம் போடச் சொல்கிறார்கள். யாரும் மேடை ஏறியதில்லை. எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, வீரவநல்லூர்

கிராம சபையில் நாடகம் வேண்டாம். தண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று ஆளுக்கொரு குறையோடு வந்திருக்கும் கூட்டத்தில் இந்தப் பேச்சு எடுபடாது. அங்கே வேறொன்று செய்யுங்கள்: நம் ஊராட்சியில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று எழுந்து கேட்டு, பதிலைத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நாடகத்துக்கு உங்கள் வளவே (வீடுகள் சூழ்ந்த பொது முற்றமே) போதும். பீடி ஒப்படைக்கிற நேரம் இல்லாத ஒரு மத்தியானம், அறுபது எழுபது பேர், மூன்று பக்கமும் ஆட்கள் உட்கார நடுவில் பதினைந்து அடி இடம். மைக் வைக்காதீர்கள். மைக் சத்தத்துக்கு முடுக்கில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

முதல் நான்கைந்து ஒத்திகைகளுக்கு வசனமே கூடாது. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சிலை நில்லுங்கள்: "பிள்ளை எதையோ சொல்ல வருது, வீடு கேக்கல." மற்றவர்கள் சுற்றி வந்து பார்த்து, யார் முகம் எங்கே திரும்பியிருக்கிறது, யார் கையில் என்ன வேலை என்று மட்டும் சொல்லட்டும். உங்கள் நாடகத்தின் காட்சிகள் அந்தச் சிலைகளிலிருந்தே வந்துவிடும். எழுதிக்கொண்டு வந்து மனப்பாடம் செய்தால் பிரச்சார வாசனை அடிக்கும்.

கதை இருபது நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம், நான்கு காட்சி போதும். ஒரு மாதிரி சொல்கிறோம். அம்மா மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள். ஒன்பது வயது மகள், "சின்னையா வீட்டுக்கு இனி டியூசனுக்குப் போகமாட்டேன்" என்கிறாள். "படிக்கக் கள்ளம்" என்று அம்மா நிமிராமலே சொல்கிறாள். இரண்டாவதில் ஆச்சி காதில் கொஞ்சம் கூடுதலாக விழுகிறது. "வீட்டு விசயம் முடுக்கத் தாண்டப்பிடாது" என்று அடக்கிவிடுகிறாள். மூன்றாவதில் பிள்ளை வகுப்பில் தூங்குகிறாள். டீச்சர் முட்டிபோட வைக்கிறார். நான்காவதில் வீட்டில் விசேஷம், அந்தச் சின்னையா எல்லாருக்கும் மிக்சர் பொட்டலத்தோடு வருகிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள், பிள்ளை கதவோரம் நிற்கிறாள். அங்கேயே நாடகம் நிற்கிறது. தீர்வு சொல்லாதீர்கள்.

உங்கள் கைத்தொழிலே உங்களுக்குப் பெரிய உதவி. அம்மாவாக நடிப்பவர் இலை, தூள், நூல் என்று நிஜமாகவே சுற்றிக்கொண்டிருக்கட்டும். எந்த வார்த்தையில் அந்தக் கை நிற்கிறது, உடனே ஏன் மறுபடி ஓடத் தொடங்குகிறது என்பதை ஒத்திகையில் முடிவு செய்துகொள்ளுங்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அந்தக் கையைப் படிக்கத் தெரியும்.

இரண்டாம் பாதிதான் முக்கியம். அதற்கு நாற்பது நிமிடமாவது வேண்டும். கட்டியங்காரர் போல ஒருவர் நடுவில் நின்று, "திரும்ப முதலிலிருந்து போடுகிறோம். யார் வேறு மாதிரி நடந்திருக்கணும்னு தோணுதோ, அந்த இடத்தில் 'நில்லு'ன்னு சொல்லி எழுந்து வாங்க" என்று அழைக்க வேண்டும். வருகிறவர் அம்மாவுக்கோ ஆச்சிக்கோ டீச்சருக்கோ பதிலாக நடிப்பார். பிரேசிலின் நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970களில் உருவாக்கிய முறை இது. அவர் முறையில் பொதுவாக ஒடுக்கப்பட்டவருக்குப் பதிலாகத்தான் பார்வையாளர் ஏறுவார். இந்த விஷயத்தில் அதை மாற்றியே ஆக வேண்டும். பிள்ளைக்குப் பதிலாக யாரையும் ஏற விடாதீர்கள். ஏறுகிறவர் கத்துவார், கடிப்பார், ஓடுவார், கூட்டம் கை தட்டும். கூட்டத்தில் எங்கோ, அன்றைக்குக் கத்த முடியாமல் உடம்பு விறைத்துப்போன ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். தன் மேல்தான் தப்பு என்று அவள் எடுத்துக்கொள்வாள். துன்புறுத்துகிறவனுக்குப் பதிலாகவும் யாரும் ஏறக்கூடாது. அவனைத் திருத்திக் காட்டுவது நம் வேலையில்லை.

தொடுவதை மேடையில் எந்த வடிவத்திலும் காட்டாதீர்கள், துணி மறைவிலும்கூட. அவனும் பிள்ளையும் தனியாக இருக்கும் காட்சியே தேவையில்லை. அவனை முறுக்கு மீசை வில்லனாக்கவும் வேண்டாம். வெளியூர்க்காரன், குடிகாரன் என்று காட்டினால் ஊரே நிம்மதியாக வீட்டுக்குப் போகும். 2007ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில் துன்புறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். (தமிழ்நாடு அந்த 13ல் இல்லை. அதை வைத்து ஆறுதல்படவும் ஒன்றுமில்லை.)

உங்கள் பத்துப் பேரிலேயே யாருக்கேனும் இது நேர்ந்திருக்கலாம். கேட்காதீர்கள். காரணம் சொல்லாமல் யாரும் எப்போது வேண்டுமானாலும் ஒத்திகையிலிருந்து எழுந்து போகலாம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். சின்னையாவாக நடிப்பவர் ஒரு துண்டைத் தோளில் போட்டால் அந்த ஆள், எடுத்தால் தன் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் கடைத்தெருவில் அவரைப் பார்த்துப் பிள்ளைகள் ஒதுங்குவார்கள்.

களக்காடு பக்கம் வில்லுப்பாட்டு பாடுகிறோம். கோயில் கொடையில் இதைப் பாட முடியுமா?
— வாசகர், களக்காடு

கொடை அன்று சாமி கதைக்கு நடுவே செருகாதீர்கள். கதை கேட்கவும் அருள் வரவும் காத்திருக்கும் கூட்டம் அது. ஊர் கோபிக்கும், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. கொடைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு இருபத்தைந்து நிமிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நள்ளிரவு ஆகாது. பிள்ளைகள் மடியில் அரைத் தூக்கத்தில் கிடப்பார்கள், ஆண்களில் பாதிப் பேர் தள்ளாடிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் கலையில் மற்ற நாடகக்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது: வரிக்கு வரி "ஆமா" போடுகிறவர். பாட்டுக்காரர் சொல்வதை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அவர்தான் சாட்சி. பிள்ளை சொல்லும் வரிகளுக்கு மட்டும் அவர் வாயை மூடிக்கொள்ளட்டும். வீசுகோல் வில்லில் படாமல், குடமும் உடுக்கும் தாளமும் நிற்க, பாட்டுக்காரர் அந்த வரியை மறுபடி சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை, "ஏன்வே, ஆமா போட மாட்டீரா?" என்று அவரைப் பார்த்தே கேட்கலாம். கூட்டத்திலிருந்து யாராவது "ஆமா" என்பார்கள். அங்கிருந்து கதையை நகர்த்துங்கள். யாரும் சொல்லாவிட்டால் பதறாமல் ஐந்து மூச்சு காத்திருங்கள். அப்புறமும் இல்லையென்றால் குடம் அடிப்பவர் சொல்லட்டும். இந்த இடத்தில் சிரிப்புப் பாட்டு போட்டு நிரப்புவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே நாடகம் போடலாமா? நன்றாக நடிக்கிறார்கள்.
— ஆசிரியை, ராதாபுரம் வட்டாரம்

நன்றாக நடிப்பதால்தான் வேண்டாம் என்கிறோம். பாதிக்கப்பட்ட பிள்ளையாக நடித்தவளை மறுநாள் பள்ளியில் அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். துன்புறுத்துகிறவனாக நடித்த பையனுக்கு அதைவிட மோசம். பிள்ளைகள் கோரஸாக நிற்கலாம், பொம்மையை ஆட்டலாம், தப்பாகக் கேட்கும் பெரியவர்களாக நடிக்கலாம். அதில் அவர்களுக்குப் பயிற்சியே வேண்டாம், நம்மை அப்படியே செய்து காட்டுவார்கள்.

வகுப்பில் செய்ய ஏற்றது இது: நாற்பது நிமிடம், முப்பது பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரும் தாளில் தன் கையை வைத்து வரைந்து, ஐந்து விரலிலும் நம்பிச் சொல்லக்கூடிய ஐந்து பெரியவர்களை எழுதட்டும். ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். பிறகு இரண்டிரண்டு பேராக நடிக்க வேண்டும்: முதல் ஆள் கேட்காவிட்டால் அடுத்த விரலுக்குப் போவது. ஒரு தாளில் விரல்கள் காலியாக இருந்தால் வகுப்பில் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளையோடு சில நாள் தனியாகச் சும்மா பேசிப் பழகுங்கள். "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சில நேரம் உடம்புக்குக் கூச்சமாகவோ இதமாகவோ இருந்திருக்கும், அப்போது பிள்ளை குழம்பிப்போகும். "இதை யாரிடமும் சொல்லாதே என்று ஒரு பெரியவர் சொன்னால், அதைச் சொல்லத்தான் வேண்டும்" என்ற விதி பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடும்.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டால் போதாதா?
— வாசகர், மானூர்

போதாது. அதே 2007 ஆய்வில் துன்புறுத்தலைச் சொன்னவர்களில் பாதிக்குச் சற்று மேல் ஆண் பிள்ளைகள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் பிள்ளை என்றே சொல்கிறது.

நாடகம் முடிந்ததும் ஒரு பிள்ளை வந்து "எனக்கும் நடந்தது" என்று சொன்னால்?
— நாடகக் குழுவினர், முக்கூடல்

சொல்லும் என்று நினைத்தே தயாராகுங்கள். இதற்கு ஏற்பாடு இல்லாமல் முதல் காட்சியே போடக்கூடாது. நடிக்காத இரண்டு பேர், அதில் ஒரு பெண் கட்டாயம், முகம் எல்லாருக்கும் தெரியும்படி தொடக்கத்திலேயே எழுந்து நின்று, "முடிந்த பிறகு ஒரு மணி நேரம் இந்தத் திண்ணையில்தான் இருப்போம்" என்று சொல்லட்டும். கூட்டத்தின் நடுவே ஒருவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கினால், கட்டியங்காரர் "நீங்க சொன்னது நல்லது, மீதியை நாம தனியாப் பேசுவோம்" என்று மெதுவாக நிறுத்தி, திண்ணையில் இருப்பவரோடு அனுப்ப வேண்டும். நூறு காது கேட்ட பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது.

தனியாகப் பேசும்போது மூன்று வாக்கியம் போதும்: "நீ சொன்னது நல்லதும்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. இனி உனக்கு உதவி செய்றவங்ககிட்டச் சேர்ந்து சொல்வோம்." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள்; அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. எங்கே, எப்படி, எத்தனை தடவை என்று துருவ வேண்டாம். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அதே வார்த்தைகளில், தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். வீட்டு ஆள் மேல் சந்தேகம் என்றால் அவரை வரவழைத்து விசாரிக்கும் பஞ்சாயத்தை யாரும் தொடங்கக்கூடாது. அன்று இரவே பிள்ளையின் வாயை அடைத்துவிடுவார்கள்.

குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்த நேரமும் பேசலாம். ஆனால் போக்சோ சட்டத்தின் 19வது பிரிவு, தகவல் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ போய்ச் சேர வேண்டும் என்கிறது. தெரிந்தும் சொல்லாவிட்டால் 21வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. "ஸ்டேசனுக்குப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகணுமே" என்ற பயம்தான் பல வீடுகளை நிறுத்துகிறது. அதற்கு அவசியமில்லை. பிள்ளையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் எடுக்கலாம். கூடியவரை உதவி ஆய்வாளர் தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். இரவில் பிள்ளையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

சமீபத்தில் நடந்தது என்றால் குளிக்க வைக்காமல், துணியைத் துவைக்காமல், 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். எச்.ஐ.வி. தொற்றுத் தடுப்பு மருந்து அதற்குள்தான் பலிக்கும்; கருத்தடை மருந்தும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாள் கடந்திருந்தாலும் போகாமல் இருக்காதீர்கள். முதல் தகவல் அறிக்கை இல்லாமலே சிகிச்சையும் பரிசோதனையும் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும் இதே விதி. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும்.

நாடகத்தை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாமா?
— வாசகர், திசையன்விளை

நடிப்பை மட்டும் எடுக்கலாம். கூட்டத்தையும் இரண்டாம் பாதியையும் எடுக்கவே கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், வீடு, பள்ளி, அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவது 23வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாத, ஒரு வருடம் வரை போகக்கூடிய சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நடந்த சம்பவத்தை "பேரை மாத்திட்டோம்" என்று சொல்லி நாடகமாக்குவதும் ஆபத்து. தெருவும் தொழிலும் ஒத்துப்போனால் ஊருக்குப் பெயர் தேவையில்லை. போடுவதற்கு முன் உள்ளூர்க்காரர் இருவரிடம் கதையைச் சொல்லி, "யாரையாவது ஞாபகப்படுத்துதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் உறவு, தொழில், பிள்ளையின் வயது மூன்றையும் மாற்றுங்கள்.

முக்கியமான இடத்தில் பையன்கள் சிரிக்கிறார்கள். நடிப்பவர்களுக்கு அழுகை வந்துவிடுகிறது. என்ன செய்ய?
— வாசகி, சேரன்மகாதேவி

பெரும்பாலும் அது கூச்சச் சிரிப்பு. அதட்டினால் இறுகிப்போவார்கள். நடிப்பவர்கள் அப்படியே சிலையாக நிற்க, நடத்துபவர் சிரித்தவர்களிடம் போய், "இந்த இடம் கஷ்டமா இருக்கா? நிறையப் பேருக்கு இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வரட்டும். மறுபடி சிரித்தால், அவர்களிடமே கேளுங்கள்: இந்தப் பிள்ளைக்கு ஒரு அண்ணன் இருந்தால் அவன் என்ன செய்திருக்கலாம்? ஒருவன் எழுந்து வந்தால் மற்றவர்கள் அடங்குவார்கள். நாடகத்தை இரண்டு தடவை போட்டும் அதே இடத்தில் சிரிப்பு வந்தால் தப்பு பையன்களிடம் இல்லை. அந்த வசனத்தில் மிகை இருக்கும், வெட்டிவிடுங்கள். கூட்டத்தைக் கலப்பாக வைக்காமல் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பையன்களுக்குத் தனிக் காட்சி போட்டால் பாதித் தொல்லை குறையும். பன்னிரண்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அந்த நேரம் அங்கன்வாடியில் இரண்டு பேர் விளையாட்டுக் காட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு பேரை முதலில் தேடிவிட்டுத் தேதி குறியுங்கள்.