சுழலும் ஷாஃப்ட் வழியே கசிவா? மோட்டாரை வெளியே வையுங்கள்

கேள்வி: ஆள் ஏறாத சிறிய நீர்மூழ்கி ஒன்றை வீட்டிலேயே செய்துவருகிறேன். மோட்டார் உள்ளே இருக்கிறது, 10 மி.மீ. ஷாஃப்ட் (சுழலும் தண்டு) பின்சுவர் வழியாக வெளியே போய் புரொப்பெல்லரைச் சுற்றுகிறது. ஆயில் சீல் (ஷாஃப்டைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் வளையம்) போட்டும் சில மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் வந்துவிடுகிறது. 15 மீட்டர் இறங்க வேண்டும். இரண்டு ஓ-ரிங் (சாதாரண உருண்டை ரப்பர் வளையம்) சேர்த்துப் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்காது. அசையாத மூடிக்கு ஓ-ரிங்கை மிஞ்சியது இல்லை. ஆனால் சுழலும் ஷாஃப்ட் மேல் இழுத்துப் பிடித்திருக்கும் ரப்பர், உராய்வில் சூடானதும் தளராது. சுருங்கி இன்னும் இறுக்கும். அதனால் சூடு ஏறும், மறுபடி இறுக்கும், சீக்கிரமே தேய்ந்துபோகும்.

ஆயில் சீலைக் குறை சொல்லிப் பயனில்லை. பேரிங் கடையில் கிடைக்கும் சாதாரண சீல் சுமார் 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரைதான் தாங்கும். தண்ணீரில் 10 மீட்டருக்கு 1 பார் கூடுகிறது. ஆக, 3 முதல் 5 மீட்டரிலேயே அதன் எல்லை வந்துவிடும். உங்களுக்கு 1.5 பார் வேண்டும். கார்பன், செராமிக் முகங்கள் உரசும் மெக்கானிக்கல் சீல் இதைத் தாங்கும்; ஆனால் அதைச் சரியாகப் பொருத்தத் துல்லியமான லேத் வேலை வேண்டும்.

என் யோசனை வேறு. சீல் அழுத்தத்தோடு மல்லுக்கட்டவே வேண்டாம். மோட்டாரைத் தனிக் கூட்டில் போட்டு, உடலுக்கு வெளியே மாட்டுங்கள். கூடு முழுக்க மெல்லிய மினரல் ஆயில் நிரப்பி, எண்ணெய் தாங்கும் மெல்லிய ரப்பர் பை ஒன்றை அதோடு இணையுங்கள். வெளியே அழுத்தம் கூடக் கூடப் பை அமுங்கும். உள்ளே எண்ணெயின் அழுத்தமும் அதே அளவு ஏறும். அப்போது சீலுக்கு மிச்சமிருக்கும் வேலை தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்து வைப்பது மட்டும்தான். காற்றுக் குமிழி தங்கினால் ஆழத்தில் அது சுருங்கி, பையின் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அதனால் கூட்டைச் சாய்த்துச் சாய்த்து நிரப்புங்கள்.

சீல் இரண்டு போடுங்கள்: ஒன்றின் ஸ்பிரிங் பக்கம் (ரப்பர் விளிம்பை ஷாஃப்டோடு அழுத்தும் சுருள் கம்பி தெரியும் பக்கம்) தண்ணீரை நோக்கி, மற்றதன் ஸ்பிரிங் பக்கம் எண்ணெயை நோக்கி, நடுவில் கிரீஸ். நைட்ரைல் ரப்பர் போதும். ஈபிடிஎம் என்ற ரப்பர் மினரல் ஆயிலில் ஊறி உப்பிவிடும். சீல் தொடும் இடத்தில் ஷாஃப்ட் வழவழப்பாக இருக்கட்டும். லேத் விட்ட சுருள் கோடு இருந்தால் அதுவே தண்ணீரை உள்ளே ஏற்றிவிடலாம். புரொப்பெல்லரின் தள்ளுவிசையைத் தாங்கத் தனி த்ரஸ்ட் பேரிங் (ஷாஃப்டின் நீளவாக்கில் வரும் விசையைத் தாங்கும் பேரிங்) வையுங்கள்.

மோட்டார் பிரஷ்லெஸ் (உரசும் கார்பன் பிரஷ் இல்லாதது) ஆக இருப்பது நல்லது. பிரஷ் மோட்டாரும் எண்ணெயில் ஓடும். ஆனால் கார்பன் தூள் கலந்து எண்ணெய் கறுக்கும், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

பலர் கவனிக்காத இடம் ஒயர். வெளியே எண்ணெய் 1.5 பார் கூடுதல் அழுத்தத்தில் இருக்கும்போது, ஒயரின் உள்ளிழைகளுக்கு இடையே ஊர்ந்து உங்கள் பேட்டரிப் பெட்டிக்குள் சொட்டும். உடலுக்குள் நுழையும் இடத்தில் கொஞ்சம் தோலுரித்து, இழைகள் ஒன்றாகும்படி ஈயம் பாய்ச்சி, அந்தப் பகுதியை எபாக்சியில் புதைத்துவிடுங்கள்.

சிறிய மோட்டார் என்றால் காந்த இணைப்பும் நல்ல வழி. சுவரில் ஓட்டையே இல்லை. உள்ளே மோட்டார் சுற்றும் காந்தம், வெளியே புரொப்பெல்லரோடு இருக்கும் காந்தத்தைச் சுவர் வழியே இழுத்துச் சுற்றும். சுவர் காந்தம் ஒட்டாத பொருளாக இருக்க வேண்டும்; பிளாஸ்டிக் நல்லது. பாரம் அதிகமானால் பிடி நழுவும்.

சோதிக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கட்டும். நின்ற ஷாஃப்டில் கசியாத சீல், சுழலும்போது கசியலாம். உடலுக்குள் டிஷ்யூ தாள் விரித்து, கயிற்றில் கட்டி, ஐந்து ஐந்து மீட்டராக இறக்கிப் பாருங்கள்.